துரைக்கு உடம்பு சரியில்லை

பச்சோந்தியின் மலத்தில் புழு இருக்கிறது என்று லிஃப்ட் மெக்கானிக் போனில் சொன்னபோது, அதில் புழு எதுவும் இல்லை. சொல்லப்போனால் மலமே இல்லை. கூண்டைக் காலையில்தான் கழுவித் துடைத்துப் புதுக் காகிதம் விரித்திருந்தார்.

"புழுவா?" கடல் தாண்டி ஏதோ ஒரு விடுதி அறையில் மகள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தது இங்கே கேட்டது. "என்ன புழுப்பா? எவ்வளவு நீளம்?"

நீளம் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"தையல் நூல் கணக்கா இருக்கும்மா. வெள்ளையா."

"அசையுதா?"

"ம்... எப்பவாச்சும்."

"ஐயையோ! துரை சாப்பிட்டாரா? தண்ணி குடிச்சாரா? கண்ணு திறந்திருக்கா?"

"பாதிதான் திறந்திருக்கு."

துரை என்பது பச்சோந்தியின் பெயர். அந்த நேரத்தில் அது மேல் கிளையில் வாலைச் சுருட்டி உட்கார்ந்து, இரண்டு கண்களையும் நன்றாகவே திறந்துவைத்து, ஒன்றால் சுவரிலிருந்த ஈயையும் இன்னொன்றால் மெக்கானிக்கையும் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லும்போது ஒருவர் நம்மை முறைத்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒற்றைக் கண்ணால் மட்டும், அதுவும் ஈக்குச் சமமாக வைத்துப் பார்த்தால் மனசு கூசத்தான் செய்யும்.

மகள் இன்னும் என்னென்னவோ கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். போனை வைத்தபோது காது சுட்டது. அந்தச் சூடு அவருக்குப் பிடித்திருந்தது. ஆறிப்போகும்வரை காதைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவரை மோசமான மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தொழில் அப்படி. ஓடுகிற லிஃப்டுக்காக யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. நாள் தவறாமல் மேலும் கீழும் சுமக்கிற பெட்டிக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பவர் யார் என்று அதில் ஏறுகிறவர்களுக்குத் தெரியாது; எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள், அவ்வளவுதான். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டால் மட்டும், "எங்கே இருக்கீங்க? எப்ப வருவீங்க? பக்கத்துல வந்துட்டீங்களா?" என்று உயிரை விட்டு விசாரிப்பார்கள். கதவு திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியவர்கள் உண்டு. கோளாறு இருந்தால்தான் நம்மைத் தேடுவார்கள் என்பது இத்தனை வருஷமாக மெஷின் ரூமில் உட்கார்ந்து அவர் படித்த பாடம்.

மனைவி இருந்தவரை வீட்டில் பேசுகிற இலாகா அவளுடையது. மகள் போன் செய்தால் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் போனை இவர் காதில் வைத்து, "மககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க" என்பாள். இவரும் "சாப்ட்டியா? சரி" என்பார். இரண்டு வார்த்தைதானே கேட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தபோது, பேச்சையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மகள் மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பிய அன்று, விடுதியிலிருந்து வீட்டுக்கு ஒரு டாக்ஸியில் வந்து இறங்கினாள். துணி போட்டு மூடிய ஒரு கூண்டை டிரைவர் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார்.

"அப்பா, இது துரை. ரெண்டு வருஷமா விடுதியில ரகசியமா வெச்சு வளர்த்தேன். என் உயிரு. ஃப்ளைட்ல விடமாட்டேங்கறாங்க. நீங்கதான் பாத்துக்கணும்."

மெக்கானிக் துணியை விலக்கிப் பார்த்தார். உள்ளே இருந்தது தலையில் கொம்புத் தொப்பி வைத்தாற்போல் அவரைப் பார்த்தது. குளியலறையில் பல்லி இருந்தால் பள்ளிக்கூடத்துக்கே குளிக்காமல் போன பெண்ணா இது! வெளியே தங்கிப் படித்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு தைரியம் வந்துவிடுகிறது என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்தைக்கூட அவளிடம் சொல்லவில்லை. "சரி" என்றார்.

ஆரம்பத்தில் மகள் தினமும் கூப்பிட்டாள். துரைக்கு விளக்கு எப்படிப் போடுவது, இலையில் தண்ணீர் எப்படித் தெளிப்பது, வாராவாரம் வாட்ச்மேனிடம் வந்து சேரும் டப்பாவிலிருந்து வெட்டுக்கிளியை எப்படி எடுத்து விடுவது என்று கேட்டும் சொல்லியும் பொழுது போயிற்று. மெக்கானிக் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். துரை கொழுகொழுவென்று ஆகிவிட்டது. அதுதான் வினை.

"துரை எப்படிப்பா இருக்காரு?"

"நல்லாருக்கு."

"சாப்பிட்டாரா?"

"ம்."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும்.

"வேற என்னப்பா?"

"வேற ஒண்ணுமில்ல."

"அப்ப... வெச்சிடவா?"

"சரி."

தினமும் என்பது ஒன்றுவிட்டு ஒருநாள் ஆயிற்று. பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆயிற்று. வேலை முடிந்து வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஒரு டம்ளரைக் கழுவி, அதே டம்ளரைத் துடைத்துவைத்தால் வீட்டுவேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு மெக்கானிக்குக்கு அந்த வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. போன் மேஜைமேல் கிடக்கும். சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்துப் பார்ப்பார். எப்போதும் இருக்கும்.

ஒருநாள் தண்ணீர் தெளிக்கும்போது துரையின் கண்ணில் பட்டு, அது சாயங்காலம்வரை அந்தக் கண்ணை மூடியே வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் அதைச் சொன்னார். அவ்வளவுதான், மகள் பிடித்துக்கொண்டாள். எந்தக் கண்? எப்போதிருந்து? வீக்கம் உண்டா? பகலில் கண்ணை மூடினால் ஆகாதாம். மறுநாள் காலையில் கூப்பிட்டாள். சாயங்காலமும் கூப்பிட்டாள். கண் சரியானதும் பேச்சு மறுபடி "வெச்சிடவா"வுக்கு வந்துவிட்டது.

கோளாறைக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவர் மெக்கானிக். கோளாறை உண்டாக்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்?

முதலில் கண் உள்ளே போயிருக்கிறது என்றார். அது தண்ணீர் போதாததற்கு அடையாளம் என்றாள் மகள். அந்தக் கோளாறு ஒரு வாரம் ஓடியது. பிறகு வாயோரம் வீக்கம் என்றார். பிறகு கால் நடுங்குகிறது என்றார். பச்சோந்தி நடந்தாலே காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் இந்த ஒன்றை அவர் பொய்யில் சேர்க்கவில்லை.

"சுண்ணாம்புச் சத்து குறைச்சலா இருந்தா அப்படி ஆகும்பா. கால் எலும்பு வளைஞ்சிருக்கான்னு பாருங்க."

"இவ்வளவும் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இப்பதான் படிச்சேன்... மறுபடியும் படிச்சேன்பா. நீங்க சாப்பிட்டீங்களா?"

"அதுக்கு வெட்டுக்கிளி போட்டுட்டேன்" என்றார் மெக்கானிக்.

சில நாள் வீடியோவில் கூப்பிடுவாள். இவர் பெருமையாகக் கூண்டருகே போனைக் கொண்டுபோய்த் துரையின் முகத்தைப் பெரிதாகக் காட்டுவார். உடனே அந்தப் பக்கம் படம் ஆடும். "நெட் சரியில்லப்பா. போனை உங்க பக்கமே திருப்பி வைங்க, அங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு" என்பாள். வெளிநாட்டிலும் நெட் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கையிருப்பிலிருந்த நோய்களெல்லாம் தீர்ந்த பிறகுதான் புழுவுக்கு வந்தார். புழு கொஞ்சம் அதிகப்படி.

மறுநாளே மகள் கூப்பிட்டாள். "அப்பா, உங்க ஏரியாவுல ஒரு டாக்டரைப் பிடிச்சுட்டேன். நாளைக்குக் காலையில போங்க. துரை போனதை ஒரு டப்பாவுல புதுசா எடுத்துட்டுப் போகணும். அதைப் பாத்தே எல்லாம் சொல்லிடுவாராம்."

மறுநாள் காலையில் துரை, பாடப்புத்தகத்துக்குப் படம் எடுக்கலாம் என்பதுபோல, கரும்பழுப்பும் வெள்ளையுமாகக் கச்சிதமாகப் போய்வைத்தது. மெக்கானிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குச்சியால் கிளறிப் பார்த்தார். நூலும் இல்லை, நாரும் இல்லை.

வேலைக்குப் போகிற இடத்தில், மொட்டைமாடி மெஷின் ரூமில், டியூப்லைட்டுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக ஒரு பல்லிக் குடும்பம் இருந்தது. பல்லி போவதும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். மோட்டார்மேல் புதிதாக விழுந்து கிடந்ததை டப்பாவில் வழித்துக்கொண்டு மெக்கானிக் டாக்டரிடம் போனார்.

டாக்டர் மாட்டுக்கும் நாய்க்கும் பார்க்கிறவர். பச்சோந்தி என்றதும் உற்சாகமாகிவிட்டார். சொட்டுத் தண்ணீரில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை.

"என்னங்க இது, உள்ள ஒரு ஊரே குடியிருக்கு! புழு முட்டையா கொட்டிக் கிடக்கு. கரப்பான் காலு கிடக்கு. என்ன சாப்பாடு போடறீங்க?"

"வெட்டுக்கிளிங்க."

"கொஞ்சம் கிரீஸும் இருக்கே. பச்சோந்திக்கு எதுக்குங்க கிரீஸ் குடுக்கறீங்க?"

மெக்கானிக்குக்கு வேர்த்துவிட்டது. "கால் நடுக்கம் இருந்துச்சுங்க. மூட்டுக்கு நல்லதுன்னு..."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மகள் டாக்டரையே போனில் கூப்பிட்டாள். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாதவர். புழு, முட்டை, கரப்பான், கிரீஸ் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனை இவரிடம் நீட்டினார்.

"அப்பா, நான் கிளம்பி வர்றேன்" என்றாள் மகள். அழுகிற குரல்.

"அடுத்த வாரம் பரீட்சை இருக்கேம்மா!"

"பரீட்சை கிடக்கட்டும். நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்க?"

வரட்டுமே என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. "மருந்து குடுத்திருக்காரும்மா. ரெண்டே நாள்ல சரியாயிடும். நீ படி."

"அப்ப நீங்க குடுக்கறதை நான் வீடியோவுல பாக்கணும்."

இல்லாத புழுவுக்கு மருந்து கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் வெறும் தண்ணீரை எடுத்துக்கொண்டார். போனைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, துரையைக் கிளையிலிருந்து பிய்த்து எடுத்து, வாயைத் திறக்கப் பார்த்தார். அதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லை. துரை சீறியது, விரலைக் கவ்வியது, பச்சையெல்லாம் ஓடிப்போய் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்தது. போனில் படம் பயங்கரமாக ஆடியது.

"அப்பா! கடிச்சுடுச்சா? ரத்தம் வருதா? விட்டுடுங்க, முதல்ல கையைக் கழுவுங்க! கையைக் காட்டுங்க!"

"துரைக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் மெக்கானிக், விரலை உதறிக்கொண்டே.

இந்தக் கூத்து இன்னும் இரண்டு தடவை நடந்தது. அதற்குப் பிறகு துரை கிளையில் ஏறவில்லை. கூண்டின் அடியில் ஒரு மூலையில் பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. வெட்டுக்கிளிகள் அதன் முதுகிலேயே ஏறி விளையாடின. கண் உள்ளே போயிற்று. கால் நிஜமாகவே நடுங்கிற்று. அவர் வாயால் சொன்ன வியாதியெல்லாம் ஒவ்வொன்றாக விலாசம் விசாரித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தன.

அன்று மகள் கூப்பிட்டபோது, சொல்வதற்கு அவரிடம் முதல்முறையாக நிறைய உண்மை இருந்தது.

"துரை எப்படிப்பா இருக்காரு?"

"நல்லாருக்கு."

"சுத்தமா சரியாயிடுச்சா?"

"ம்."

மூச்சு கேட்டது.

"வேற என்னப்பா?"

"வேற ஒண்ணுமில்ல."

"வெச்சிடவா?"

"சரி."

வைத்தபிறகு அவர் நாற்காலியை இழுத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "நீ பொழைச்சுக்கடா" என்றார் துரையிடம். "நீ போயிட்டா அவ என்கிட்ட என்னத்தைக் கேப்பா? என்னைப் பத்திக் கேக்க என்ன இருக்கு?" துரை கண்ணைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அத்தனை நேரம் அவர் சத்தமாகப் பேசியது மனைவி போனபிறகு அன்றுதான். கேட்க ஆளில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கூண்டைத் துணிபோட்டு மூடி டாக்டரிடமே தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் வாயைப் பார்த்தார், மூட்டைப் பார்த்தார், கூண்டுக் காகிதத்தில் கிடந்ததை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"இதுல ஒரு புழுவும் இல்லையே! மருந்து குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப அன்னிக்குக் கொண்டுவந்தது யாரோடது?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். "பல்லியோடதுங்க."

டாக்டர் மைக்ராஸ்கோப்பை ஒதுக்கிவைத்தார். "பல்லி நல்லாருக்கா?" என்றார்.

"அதுக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கு."

"சரி. இதுக்கு வியாதியே நீங்கதான். பிடிச்சு இழுத்து வாயைத் திறந்தா எந்த ஜீவன் தாங்கும்? பச்சோந்திக்குத் துணையே ஆகாதுங்க. மேல துணி போடுங்க. தொடாதீங்க, கிட்ட உக்காந்து மூஞ்சியைப் பாக்காதீங்க. தனியா விடறதுதான் இதுக்கு மருந்து."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. அந்த மருந்து மட்டும் வீட்டில் எக்கச்சக்கமாக இருந்தது.

"பட்டினியா இருக்கு பாருங்க, அதுதான் கவலை. பட்டுப்புழு போட்டா சில சமயம் சாப்பிடும். மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு அம்மா கடை வெச்சிருக்காங்க, நேராப் போங்க. இன்னிக்குச் சாப்பிடலேன்னா கஷ்டம்."

கடை சின்னது. மீன்தொட்டிகளும் கிளிக்கூண்டுகளும் போக, மீதி இடமெல்லாம் வெட்டுக்கிளி டப்பாக்கள். கடைக்கார அம்மா துணியை ஒரு ஓரம் மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு பட்டுப்புழுவைக் கிளையில் விட்டாள்.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கண்ணே. நம்ம பார்த்தா அது சாப்பிடாது."

இரண்டுபேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். மெக்கானிக் மீன்தொட்டியைப் பார்த்தார். தொட்டிக் கண்ணாடியில் பின்னாலிருந்த கூண்டு மங்கலாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு துணிக்குக் கீழே ஒரு கண் திறந்தது. இன்னொன்றும் திறந்தது. நாக்கு வெளியே போனதும் தெரியவில்லை, உள்ளே வந்ததும் தெரியவில்லை. புழுவைக் காணோம்.

மெக்கானிக்கின் கண்ணில் தண்ணீர் முட்டியது. மறைக்க முயலவில்லை.

"என்னண்ணே, ஒரு பச்சோந்திக்கா இவ்வளவு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணில் ஆரம்பித்து, நடுக்கம், புழு, பல்லி, கிரீஸ் என்று விடாமல் சொன்னார். தான் இவ்வளவு பேசக்கூடியவர் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இன்னிக்கு அவகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேம்மா. அவ ரெண்டு வருஷம் விடுதியில உயிரா வளர்த்த ஜீவன். அதை நான் பொய் சொல்லிச் சொல்லியே சாகடிக்கப் பார்த்தேன். இனிமே பேசமாட்டா. பேசாட்டியும் பரவால்ல. ஆனா சொல்லிடணும்."

கடைக்கார அம்மா துணியைக் கொஞ்சம் உயர்த்தி, அடிக்கிளையை எட்டிப் பிடித்திருந்த துரையின் முன்னங்காலை உற்றுப் பார்த்தாள். ஒரு நகம் இல்லை.

"விடுதியில ரெண்டு வருஷமா?" என்றாள். "இந்த நகம் போனது நம்ம கடைக் கதவுல மாட்டித்தானே? வாராவாரம் டப்பா அனுப்பறது உங்க வீட்டுக்குத்தானா?"

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மகள். இன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. துரைக்கும் உடம்பு சரியாகிவிட்டது என்று நேற்றே சொல்லியாயிற்று; கூப்பிட ஒரு காரணமும் இல்லை. அவர் விரல் பச்சைப் பொத்தானுக்குமேலேயே நின்றது.

"எடுங்கண்ணே, பயப்படாம எடுங்க" என்றாள் கடைக்கார அம்மா. "ஊருக்குப் போறதுக்கு முதல்நாள் அந்தப் பொண்ணு இங்க வந்துச்சு, பல்லின்னா பயம்னு சொல்லி உள்ளகூட வரல, வாசல்லயே நின்னுக்கிட்டு, 'இருக்கறதுலயே அடிக்கடி உடம்புக்கு வர்றது எதுவோ அதைக் குடுங்க, எங்கப்பா போன்ல பேசறதுக்கு ஏதாவது விஷயம் வேணும்'னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு."